செரோகி பர்ப்பிள் பூ உதிர்வது ஏன்?

வணக்கம். திருச்சி மொட்டை மாடியில், ஜனவரியில் விதைத்த செரோகி பர்ப்பிள் தக்காளி ஐந்தடி வளர்ந்தும் ஏப்ரலில் பூவெல்லாம் உதிர்கிறது, வாரம் தவறாமல் மீன் அமிலம் கொடுத்தும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை உரத்தில் இல்லை, மாதத்தில்தான். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப்போகும். காம்பின் கணு மஞ்சளாகிப் பூ கழன்று விழும். அமெரிக்காவின் டென்னசியிலிருந்து வந்த இந்தப் பெரிய காய் ரகத்துக்கு நம் சித்திரை ரொம்பவே அதிகம். மீன் அமிலத்தை நிறுத்துங்கள், அது இலையைத்தான் வளர்க்கும்.

செடியைப் பிடுங்க வேண்டாம். இலைக்கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தண்ணீரில் வைத்தால் பத்து நாளில் வேர் விடும். அதை நிழல் வலைக்குள் வைத்துக் காப்பாற்றிப் பார்க்கலாம். ஆனால் நான் நம்புவது மீதி விதையைத்தான். புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் பெரிய பையில் மாற்றினால், மார்கழிக் குளிரில் பூ நிற்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. இது பழுத்தாலும் காம்பைச் சுற்றியுள்ள தோள்பட்டை பச்சையாகவே இருக்கும். முழுக்கச் சிவக்கட்டும் என்று காத்திருந்து என் முதல் பழத்தை அணிலுக்குக் கொடுத்தேன். அடிப்பகுதி மங்கிய ஊதா கலந்த சிவப்பாகித் தொட்டால் மெத்தென்று இருந்தால் பறித்துவிடுங்கள்.