பிப் யாரை நம்பினாள்? கேள்வி பதில்

ஹாலி ஜாக்சன் எழுதி 2019ல் வந்த 'எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்' நாவலைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். கொலையாளி வரைக்கும் பேசப்போகிறேன், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை இதுதான். இங்கிலாந்தில் லிட்டில் கில்டன் என்று ஒரு சின்ன ஊர். ஆண்டி பெல் என்ற பள்ளி மாணவி காணாமல் போகிறாள். அவளுடைய காதலன் சால் சிங்தான் கொன்றான், பிறகு தற்கொலை செய்துகொண்டான் என்று ஊரே முடிவுகட்டிவிடுகிறது. ஐந்து வருடம் கழித்து, பிப் என்ற பெண் பள்ளி ப்ராஜெக்ட்டாக அதைக் கிளறுகிறாள்.

அக்கா, பிப் அவ்வளவு கெட்டிக்காரி. எலியட் சார் மேல் மட்டும் அவளுக்கு ஏன் சந்தேகமே வரவில்லை?

அவளுக்கு அவர் வெறும் வரலாற்று ஆசிரியர் இல்லை, உயிர்த்தோழி காராவின் அப்பா. மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண்களை வளர்ப்பவர். ஆண்டியைப் பற்றி விசாரிக்க பிப் அவரிடமே போகிறாள். ஒருவரைச் சாட்சியாக உட்கார வைத்துவிட்டால் அவரையே குற்றவாளியாக யோசிக்க மனசு வராது. அவர் ட்யூஷன் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பும் மாலைகளை நாமும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம்.

உண்மை வெளிப்படும் இடத்தை மறுபடி படியுங்கள். காரா வீட்டு பிரிண்டரில் முன்பு அச்சடித்தவை பதிவாகியிருக்கின்றன. பிப் அவற்றை மறுபடி அச்சிடுகிறாள். சாதாரணத் தாள்களோடு, அவளுக்கு வந்த மிரட்டல் சீட்டும் வெளியே வருகிறது. முகமூடி போட்டவன் யாரும் இல்லை, அவள் வழக்கமாக வந்துபோகும் வீடு அது. எனக்கு அந்தப் பக்கத்தில் கை சில்லிட்டுப் போனது.

அப்படியானால் அவர் காட்டிய அன்பெல்லாம் நடிப்பா?

இல்லை என்றே நினைக்கிறேன். நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வாக்குவாதத்தில் எலியட் தள்ளியதில் ஆண்டிக்குத் தலையில் அடிபடுகிறது. உதவி எடுத்து வருவதற்குள் அவள் வெளியேறிவிடுகிறாள். தன்னால்தான் செத்துவிட்டாள் என்று நம்பி, பழியைச் சால் மேல் போட்டு அவனைக் கொல்கிறார். ஆனால் ஆண்டி வீடு போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கே தங்கை பெக்காவோடு சண்டை. கீழே விழுந்து துடித்தபோது, பெக்கா உதவாமல் உறைந்து நின்றதில்தான் உயிர் போகிறது. தான் செய்யாத ஒரு கொலையை மறைக்க எலியட் நிஜமாகவே ஒரு கொலை செய்கிறார். குற்றவுணர்ச்சி மனிதனை நல்லவனாக்கும் என்று சொல்லி வளர்த்தார்கள். இவரை அது கொலைகாரனாக்குகிறது.

நயோமியை மன்னிக்கலாமா? எனக்கு முடியவில்லை.

காராவின் அக்கா நயோமியும் நண்பர்களும் ஒரு புத்தாண்டு இரவில் காரில் போய் ஒருவர் மேல் மோதிவிட்டு நிற்காமல் போனவர்கள். கார் ஓட்டியது மேக்ஸ். ஆண்டி காணாமல் போன பிறகு அவர்களுக்குப் பெயரில்லாமல் ஒரு செய்தி வருகிறது: சால் உங்களோடு இருந்த நேரத்தைக் குறைத்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் விபத்து வெளியே வரும். அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். சாலுக்கு இருந்த ஒரே சாட்சி அவர்கள்தான். எனக்கு நயோமி மேல் கோபம் இருக்கிறது, பரிதாபமும் இருக்கிறது. செய்தி அனுப்பியது தன் அப்பாதான் என்று தெரியாமல் ஐந்து வருடம் அவரோடு ஒரே குடும்பமாக வாழ்ந்திருக்கிறாள், பாருங்கள். ஆனால் சாலின் அம்மா அப்பா ஊரில் தலைகுனிந்து நடந்த ஐந்து வருடத்தை நினைத்தால் பரிதாபம் பின்னால் போய்விடுகிறது.

பிப் மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது, அவளுக்கே தெரியும். மிரட்டலை வீட்டில் சொல்லாமல் மறைத்தாள். கடைசியில் அவள் நாய் பார்னி போய்விடுகிறது. அதைக் கடத்திய பெக்கா அவிழ்த்துத்தான் விட்டாள், ஆனாலும் ஆற்றில் மூழ்கிச் செத்துவிடுகிறது. அப்புறம் காரா. உண்மையைக் கண்டுபிடித்ததால் தோழியின் அப்பாவை அவளிடமிருந்து பிரித்தவளும் பிப்தான். வேறு வழி இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2024ல் வந்த பிபிசி தொடர் பார்த்தால் போதுமா?

போதாது. புத்தகத்தில் பிப்பின் ப்ராஜெக்ட் குறிப்புகளும் பேட்டிகளும் நடுநடுவே வருகின்றன. அவள் யாரை எந்த வரியில் நம்பிவிட்டாள் என்று அதில் விரல் வைத்துக் காட்டலாம்.

தமிழில் இப்படி ஒரு கதை எழுத ஆசை. நம்பியவரே துரோகி என்பதை வாசகர் முன்கூட்டியே பிடிக்காமல் எப்படி மறைப்பது?

மறைக்காதீர்கள் தம்பி. அந்த ஆள் நிஜமாகவே நல்லது செய்யும் காட்சிகளை எழுதுங்கள், அவசரப்படாமல். நீங்களே அவரை வெறுத்துக்கொண்டு எழுதினால் மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

ரவியை நம்பியது மட்டும் எப்படிச் சரியாகப் போனது?

அவன் சாலின் தம்பி. ஊர் ஒதுக்கிவைத்த வீட்டின் கதவை பிப்பே போய்த் தட்டுகிறாள், உன் அண்ணன் செய்திருப்பான் என்று நான் நம்பவில்லை என்கிறாள். அவனிடம் மறைக்க எதுவும் மிச்சமில்லை. ஊர் எல்லாவற்றையும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.