எலிக்காய்ச்சல் குளிசை முதல் விஷமுறிவு ஊசி வரை: வன்னி வாசகர் கேள்வி-பதில்

காலபோக வேலை தொடங்கினால் எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி ஆட்களைப் பற்றியது, பாதி மாடுகளைப் பற்றியது. ஒரே வாய்க்கால் தண்ணீரில்தான் இரண்டும் நிற்கின்றன என்பதால் பதில்களையும் பிரிக்கவில்லை.

கேள்வி (துணுக்காய்): வயலில் இறங்க முன் போடச் சொல்லிக் கிழமைக்கு இரண்டு குளிசை தந்தார்கள். போட்ட ஒருவருக்கும் எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. பிறகு எதற்கு இந்தக் குளிசை? எங்கள் வயலில் எலியும் குறைவு.

எலி குறைவாக இருக்கலாம். அறுத்த வயலில் பட்டி மாடு படுப்பதில்லையா? மாடு, எருமை, நாய், பன்றி எல்லாமே எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு சலத்தோடு வெளியேற்றக்கூடியவை. மாட்டைப் பார்த்தால் நோய் தெரியாது. திடீரெனப் பால் குறையும், சினை கலையும், அவ்வளவுதான். ரஜரட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகளின் குருதியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கவில்லை. ஆகவே எலிப்பொறி வைத்தால் போதும் என்று இருந்துவிட முடியாது.

குளிசைக்கு வருவோம். அது டொக்சிசைக்கிளின், 100 மில்லிகிராம் கொண்டது. இரண்டையும் ஒரே தடவையில் 200 மில்லிகிராமாக, கிழமைக்கு ஒரு நாள் எடுக்க வேண்டும். 1982 இல் பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படையினரிடம் இதைச் சோதித்தார்கள். வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கும், டொக்சிசைக்கிளின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோய் வந்தது. பின்னர் அந்தமானில் நடந்த ஆய்வில், கிருமி தொற்றுவது குறையவில்லை, ஆனால் நோயாக வெளிப்படுவது குறைந்தது. உங்கள் ஊரில் ஒருவருக்கு வந்ததில் புதுமை இல்லை. குளிசை எடுத்துக்கொண்டும் காய்ச்சல் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இராது என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

எடுக்கும் முறையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பின், ஒரு பெரிய குவளை தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். படுத்தால் குளிசை உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும், இரும்பு, கல்சியக் குளிசைகளோடும் சேர்த்து எடுத்தால் உடலில் சேராது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர் இதைத் தாங்களாக எடுக்கக் கூடாது. ஒரு கிழமை விட்டாலும் பாதுகாப்பு அறுந்துவிடும். வேலை முடியும்வரை தொடர வேண்டும்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல், சலம் குறைதல் என்று வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். "வயலில் நின்றனான்" என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். முதற் கிழமையில் குருதிப் பரிசோதனை நோயைக் காட்டாமல் விடலாம், அதனால் வைத்தியர் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபினாக், இபுபுறுபன் போன்ற நோக் குளிசைகள் ஏற்கெனவே தாக்கப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும், காய்ச்சல் டெங்குவாக இருந்தால் குருதிக் கசிவையும் கூட்டும். 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் பலர் இறந்தார்கள். வன்னி வயல்களுக்கு அது தூரத்துச் செய்தி அல்ல.

கேள்வி (நெடுங்கேணி): பட்டியில் மூன்று மாட்டுக்கு உடம்பெல்லாம் கழலை. பால் குடிக்கலாமா? மற்ற மாடுகளுக்கு இப்போது ஊசி போடலாமா? பழைய ஒயில் பூசச் சொல்கிறார்கள்.

ஒயிலை முதலில் தூர வையுங்கள். கழிவு ஒயிலில் உலோகத் துகளும் நச்சும் உண்டு. புண் வழியாக அது உடலுக்குள் போகும், மாடு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். ஈ அண்டாது என்பது உண்மைதான், ஆனால் தோலும் வெந்துவிடும்.

தோல் கழலை நோய் ஆட்டம்மை வைரசின் உறவுக்கார வைரசால் வருவது. மனிதருக்குத் தொற்றாது. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கலாம். முலைக்காம்பில் புண் இருக்கும் மாட்டின் பாலை மட்டும் தவிருங்கள், மடிவீக்கம் சேர்ந்திருக்கக்கூடும். நோயைக் காவுவது கடிக்கும் இலையான், நுளம்பு, உண்ணி. உதிர்ந்த பொருக்குகளில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும், அவற்றைக் கூட்டி எரித்துவிடுங்கள். எருக் குவியலைப் பட்டியிலிருந்து தள்ளி மூடி வையுங்கள். இலையான் பெருகுவது அங்கேதான்.

நோய் கண்ட மாட்டுக்குத் தடுப்பூசி போடுவதில் பயன் இல்லை. நலமாக இருப்பவற்றுக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் மூலம் போடலாம், போட வேண்டும். மாட்டுக்கு மாடு ஊசி மாற்றச் சொல்லிக் கண்டிப்பாக நில்லுங்கள். நோய் அரும்பும் நிலையிலுள்ள ஒரு மாட்டைக் குத்திய ஊசி, தடுப்பூசியோடு வைரசையும் அடுத்ததற்குக் கொண்டுபோகும். எதிர்ப்புச் சக்தி வர ஏறத்தாழ மூன்று கிழமை ஆகும். அதற்குள் கழலை வந்தால், "ஊசி போட்டுத்தான் வந்தது" என்று ஊசியைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை.

புண்ணைக் காய்ச்சி ஆறிய உப்பு நீரால் கழுவி, பொவிடோன் அயடின் பூசினால் போதும். புழு வைத்தால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். அன்ரிபயற்றிக் வைரசைக் கொல்லாது, புண்ணில் சேரும் வேறு கிருமிக்குத்தான் அது. தமிழ்நாட்டுக் கால்நடைப் பல்கலைக்கழகம் வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் அரைத்து வெல்லத்தோடு கொடுக்கும் முறையைப் பரிந்துரைத்திருக்கிறது. கொடுக்கலாம், ஆனால் தடுப்பூசிக்குப் பதிலாக அல்ல.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட எருமையின் பாலில் தயிர் உறையவில்லை. ஏன்?

பாலில் இறங்கிய மருந்து உறைமோரின் கிருமிகளைக் கொன்றுவிட்டது. காய்ச்சினாலும் அந்த மருந்து அழிந்துவிடாது. மருந்துப் பெட்டியில் பால் தவிர்க்கும் நாட்கள் அச்சிட்டிருக்கும். கடைசி ஊசியிலிருந்து அத்தனை நாளும் எல்லாக் காம்பிலும் கறந்து ஊற்ற வேண்டும், நோயுள்ள காம்பில் மட்டுமல்ல. கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (மடு): தொண்டையில் எலும்பு அடைத்தது போல் வீணி வடிந்த பசுவின் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தோம். நாலாம் நாள் செத்தது. முந்தி ஒரு நாய் கடித்ததாகச் சொல்கிறார்கள். பாலும் குடித்தோம்.

இது விசர்நாய் நோயாக இருக்கலாம். வாய்க்குள் கைவிட்டவர்கள் இதை வாசித்து முடிப்பதற்குள் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். விசர் பிடித்த மாடு நாயைப் போல் பாய்வது குறைவு. தொண்டைத் தசை செயலிழந்து விழுங்க முடியாமல் வீணி வடிக்கும், குரல் கரகரத்துக் கத்தும், பின்னங்கால் தள்ளாடும். பார்ப்பவருக்கு ஏதோ அடைத்திருப்பதாகத்தான் தோன்றும். கையில் சிராய்ப்போ நகக்கண் வெடிப்போ இருந்திருந்தால், எச்சில் பட்டதைக் கடியாகவே கணக்கெடுப்பார்கள். நாட்கள் போயிருந்தாலும் தடுப்பூசி தொடங்கலாம், தொடங்க வேண்டும். 2018 இல் உலக சுகாதார நிறுவனம், தோலுக்குள் போடும் ஊசியை 0, 3, 7 ஆம் நாட்களில் முடிக்கும் ஒரு கிழமை முறையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உங்கள் துண்டில் எழுதித் தரப்படும் நாட்களையே பின்பற்றுங்கள்.

காய்ச்சிய பால் குடித்தவர்களுக்குப் பயமில்லை. பச்சைப் பால் குடித்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனிமேல் நாய், நரி, கீரி எது கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், ஏனென்றால் ஆட்கள் 15 என்று நினைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். செத்த மாட்டை உரிக்காமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். அதற்கு முன் மிருக வைத்தியருக்கு அறிவித்தால், தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி நோயை உறுதிசெய்ய வழி இருக்கிறது.

கேள்வி (மாங்குளம்): விடியப்புறம் வயிற்றுநோ, இமை தூக்க முடியவில்லை. கடித்த தடம் இல்லை. பாம்பாக இருக்குமா? விஷமுறிவு ஊசியே ஆளைக் கொல்லும் என்கிறார்களே?

நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவருக்கு இப்படி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை எண்ணெய் விரியன் கடி என்றே எடுங்கள். அதன் கடி நோகாது, வீங்காது. தடம் தேடி நேரம் போக்க வேண்டாம். விஷம் நரம்பு முனைகளைச் சிதைத்த பிறகு ஊசியால் அதைத் திருப்ப முடியாது. மூச்சு நின்றால் இயந்திரம்தான் காப்பாற்றும். அதனால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் நேரே பெரிய வைத்தியசாலைக்கு. வழியில் எச்சில் விழுங்க முடியாவிட்டால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

கண்ணாடிப் புடையன் வேறு கதை. கடிவாய் வீங்கும், குருதி உறையாது. இதைக் கண்டுபிடிக்க வைத்தியசாலையில் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் குருதி எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். சவர்க்காரத்தில் கழுவிய குழாயிலும் பிளாஸ்ரிக்கிலும் நல்ல குருதியே உறையாமல் நிற்கும், அதனால்தான் புதிய குழாய்.

விஷமுறிவு ஊசியின் ஒவ்வாமை உண்மை. இலங்கையில் 1,007 பேரிடம் நடத்தி 2011 இல் வெளியிட்ட ஆய்வில் முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஓர் ஒவ்வாமை வந்தது. ஆனால் அதே ஆய்வு வழியையும் காட்டியது. ஊசிக்கு முன் சிறிய அளவு அட்ரினலின் தோலுக்குக் கீழ் போட்டபோது, முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. வழக்கமாகப் போடும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெத்தசீனும் அப்படிக் குறைக்கவில்லை. ஒவ்வாமைக்கு வைத்தியசாலையில் மருந்து உண்டு. வீட்டில் இருந்தால் விஷத்துக்கு மருந்தில்லை.

பாம்பு விஷத்துக்கு வாயால் விழுங்கும் வரெஸ்பிளாடிப் என்ற மருந்தை இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சோதித்து 2024 இல் முடிவு வந்தது. மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை. கடித்த ஐந்து மணித்தியாலத்துக்குள் எடுத்தவர்களில் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன. கடையில் வாங்கும் மருந்தல்ல இன்னும். அதற்குள் நுளம்பு வலையைப் பாயின் கீழ் சுற்றிவரச் செருகிப் படுங்கள். எண்ணெய் விரியனுக்கும் அது வேலை செய்யும்.

கேள்வி (செட்டிகுளம்): கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் சிறுநீரக நோய் வராதா? இப்போது எலிதான் காரணம் என்றும் சொல்கிறார்களே?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பிள்ளைகளின் பல்லில் கபில நிறக் கறை இருந்தால் கிணற்றைப் பரிசோதியுங்கள். புளோரைட்டைக் குறைப்பது நீரை மென்சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் ஆர்ஓ வடிகட்டி, அதுவும் மென்சவ்வை உரிய காலத்தில் மாற்றினால்தான்.

எலி விடயம் வெறும் வதந்தி அல்ல. காரணம் உறுதியாகாத இந்தச் சிறுநீரக நோய் உள்ளவர்களிடம், எலிகள் காவும் ஹன்ரா வைரசுக்கான எதிர்ப்பொருள் மற்றவர்களைவிட அதிகம் காணப்பட்டது, எலிகளிலும் அந்த வைரஸ் கிடைத்தது. ஆனால் சேர்ந்து காணப்படுவதை வைத்துக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. வெயில், நீரிழப்பு, நீர், விவசாய இரசாயனம் எல்லாம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, வருடத்துக்கு ஒரு தடவை குருதியில் கிரியேற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவு பார்ப்பது. இந்த நோயின் தொடக்கத்தில் சலத்தில் புரதம் அதிகம் போகாது என்பதால் சலப் பரிசோதனை மட்டும் போதாது.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கன்னத்தில் நோகாத, கடிக்காத ஒரு பரு. நாலு மாதமாக ஆறவில்லை, நடுவில் பொருக்கு.

மணல் ஈ கடிப்பதால் வரும் லீஷ்மேனியா என்ற தோல் நோயாக இருக்கலாம். சுண்ணாம்பு வைத்துச் சுடாதீர்கள், தழும்புதான் மிஞ்சும். தோல் சிகிச்சைப் பிரிவில் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். உறுதியானால் பருவுக்குள் கிழமைக்கு ஒரு ஊசி. பரு சுருங்கத் தொடங்கியதும் பலர் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். வைத்தியர் போதும் என்று சொல்லும்வரை போங்கள்.