ஓவல் டெஸ்ட் நடந்தபோது துணி துவைத்துக்கொண்டிருந்தேன்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 24. சொந்த ஊர் கோவில்பட்டி. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்கும் படிக்கிறேன். மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறேன். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றலாம். ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

எனக்கு டெஸ்ட் கிரிக்கெட் என்றால் உயிர். எங்கள் ஊர் ஹாக்கி ஊர். எங்கள் வீட்டில் மட்டும் அப்பாவும் நானும் கிரிக்கெட். சிக்ஸர் அடித்தால் குதிக்கிற ரசனை எனக்குக் கிடையாது. ஒரு பவுலர் மூன்று ஓவர் வெளியே வெளியே போட்டுவிட்டு, நாலாவது ஓவரில் ஒரு பந்தை உள்ளே கொண்டுவருவாரே, அதுதான் பிடிக்கும். 2021இல் சிட்னியில் அஸ்வினும் விஹாரியும் டிராவுக்காக நின்றார்களே, ஒருவருக்குத் தொடையில் பிடிப்பு, இன்னொருவருக்குக் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாத முதுகுவலி. விஹாரி 161 பந்தில் 23 ரன். அந்த 23 ரன்னுக்காக அழுதிருக்கிறேன். இதை ஆபீசில் சொன்னால் சிரிக்கிறார்கள். "அஞ்சு நாள் ஆடி டிராவா?" என்கிறார்கள்.

அங்கே இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். நான் கிரிக்கெட் பற்றி வாய் திறந்தாலே பரீட்சை வைப்பார்கள். "சில்லி பாயின்ட் எங்க நிப்பாங்க சொல்லு", "எல்பிடபிள்யூ ரூல் சொல்லு பாப்போம்". ஒரு பையன் பேசினால் யாராவது இப்படிக் கேட்பார்களா? ஐபிஎல் சமயத்தில் ஆபீஸ் முழுக்க மஞ்சள் சட்டை. அவர்களில் ஒருவருக்காவது ரிவர்ஸ் ஸ்விங் என்றால் என்னவென்று தெரியுமா? பஸ்ஸில் ஏறினால் ஹெட்போன் இல்லாமல் ரீல்ஸ் சத்தம். ஒரு முழு நாள் ஆட்டத்தை முப்பது நொடியில் வெட்டி, அதற்கு ஒரு டமடம இசை. யாருக்கும் எதையும் முழுசாகப் பார்க்கப் பொறுமை இல்லை.

எல்லாவற்றையும்விட என் ரூம்மேட். சின்னப் பெண்தான், என்னை அக்கா என்பாள். கதவைத் திறக்கும்போதே ஸ்கோரைச் சொல்லிவிடுவாள். சொல்லாதே என்று எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறாள். 2025 இங்கிலாந்துத் தொடரில் மான்செஸ்டர் டெஸ்டின் கடைசி நாள் மொட்டை மாடியில் இருந்துவிட்டு ராத்திரி கீழே இறங்கினேன். எனக்காக மெஸ்ஸில் எடுத்து வைத்திருந்த தட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா, உங்க வாஷிங்டன் செஞ்சுரி, மேட்ச் டிரா" என்றாள். சாப்பிடவே பிடிக்கவில்லை. முடிவைத் தெரிந்துகொண்டு பார்ப்பதில் என்ன இருக்கிறது?

இப்போதெல்லாம் லைவாகப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. லார்ட்ஸில் சிராஜ் தடுத்த பந்து உருண்டுபோய் ஸ்டம்பில் பட்டதே, அதற்குப் பிறகு பெரும்பாலும் பழைய மேட்ச்தான், அது நிம்மதியாக இருக்கிறது. ஓவல் கடைசி நாளுக்கு முன்கூட்டியே அரைநாள் லீவு சொல்லி வைத்திருந்தேன். மேட்ச் தொடங்கும் நேரத்தில் நெஞ்சு படபடவென்று வந்தது. போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். தேர்வு முடிவு வந்ததையும் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம். போன முறை ஒரே ஒரு கேள்வியில், ஒன்றரை மதிப்பெண்ணில் போய்விட்டது. அப்பாவிடம் இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா 1999இல் சேப்பாக்கத்தில் இருந்தவர். பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற டெஸ்ட். "எல்லாரும் எந்திரிச்சு நின்னு அவங்களுக்குக் கை தட்டினோம்மா" என்று இன்றைக்கும் சொல்வார். மேட்ச் முடிந்ததும் போன் செய்து "பாத்தியாம்மா?" என்பார். ஸ்கோர்கார்டைப் படித்து வைத்துக்கொண்டு "பாத்தேன்ப்பா" என்பேன்.

சரி, சொல்ல வந்தது ரூம்மேட் விஷயம். இந்த மாதிரி ஆட்களோடு எப்படிக் காலம் தள்ளுவது? விடுதியை மாற்றிவிடலாமா? என் ரசனை உள்ள ஒருவர்கூட ஏன் எனக்கு அமைவதில்லை?

இப்படிக்கு,
ஊர் மட்டும் போட்டால் போதும், கோவில்பட்டி

ஆலோசகர் பதில்

அன்புள்ள மகளுக்கு,

ஆபீஸ் பையன்கள் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ரசிப்பதற்கு யாரிடமும் பரீட்சை எழுதித் தேற வேண்டியதில்லை. அடுத்த முறை கேட்டால் பதில் சொல்லாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஆனால் மஞ்சள் சட்டைக்காரர்களிடம் ரிவர்ஸ் ஸ்விங் தெரியுமா என்று நீங்கள் வைப்பதும் அதே பரீட்சைதான். நாள் முழுக்க உழைத்துவிட்டு மூன்று மணி நேரம் கத்திவிட்டுப் போகிறவர்கள் உங்கள் டெஸ்டிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ரூம்மேட் பற்றிச் சொன்னதை இரண்டு முறை படித்தேன். ராத்திரி உங்களுக்காகத் தட்டில் சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறாள். வாஷிங்டன் சுந்தரை "உங்க வாஷிங்டன்" என்கிறாள். கிரிக்கெட்டில் பெரிய ஆர்வம் இல்லாத பெண்ணாகத் தெரிகிறது. அப்படியும் அக்காவுக்குப் பிடிக்குமே என்று ஸ்கோரைத் தெரிந்து வைத்திருக்கிறாள். உங்களோடு பேச அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். அது இருக்கட்டும். முந்தைய நாள், இரண்டாவது இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் போன பிறகு ஜடேஜாவும் சுந்தரும் சதம் அடித்து டிரா செய்த நாள் அது. சிட்னிக்காக அழுத உங்களுக்கென்றே நடந்த மாதிரி ஒரு நாள். அந்த நேரத்தில் நீங்கள் ஏன் மொட்டை மாடியில் இருந்தீர்கள்? பார்க்காத ஒரு மேட்சில் அந்தப் பெண் எதைக் கெடுத்துவிட்டாள்?

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, "அது வேறு விஷயம்" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடம். முடிவு தெரிந்தபின் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கோபப்படுகிறீர்கள். நாலு வரி தள்ளி, முடிவு தெரிந்த பழைய மேட்ச்தான் நிம்மதி என்கிறீர்கள். இரண்டும் உண்மை என்றே நம்புகிறேன். உங்களுக்குப் பிடித்தது அடுத்த பந்தில் என்ன ஆகும் என்று தெரியாத அந்த நேரம். இன்று உங்களால் தாங்க முடியாமல் போயிருப்பதும் அதே நேரம்தான். கையிலிருந்து அது நழுவுகிற வருத்தம், ஸ்கோர் சொல்கிற பெண் மேலும் ரீல்ஸ் பார்க்கிறவர் மேலும் எரிச்சலாக இறங்குகிறது.

இது எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். போன தேர்வில் ஒன்றரை மதிப்பெண். லார்ட்ஸில், ஜடேஜா ஒரு பக்கம் மணிக்கணக்காக நின்றுகொண்டிருக்க, நன்றாகவே தடுக்கப்பட்ட ஒரு பந்து உருண்டுபோய்ப் பெயிலைத் தட்டியது. 22 ரன்னில் தோல்வி. எல்லாம் சரியாகச் செய்தும் இப்படிப் போகும் என்பதை உங்கள் மனம் அங்கே இன்னொரு முறை பார்த்தது. அதற்குப் பிறகு போனை அணைத்தீர்கள், படபடப்பு உடனே அடங்கியது. அந்த நிம்மதிதான் இதில் ஆபத்தானது. அணைத்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகப் பயப்படுகிறது, இன்னும் பெரிய விஷயத்தை ஒதுக்கச் சொல்கிறது. முதலில் கிரிக்கெட், இப்போது தேர்வு முடிவு. இப்படியே விட்டால் நாளைக்கு வேலையில் ஒரு மெயில், மருத்துவமனையில் ஒரு ரிப்போர்ட் என்று போகும். எங்கள் அனுபவத்தில் இது தானாக நிற்பது அபூர்வம். ஒதுக்கியதை எதிர்கொள்ள ஆரம்பித்தால் குறைகிறது.

ஓவலில் நீங்கள் எதை இழந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், கையில் நாலு விக்கெட். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தோள் இறங்கிய கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு இங்கிலாந்து வீரர் வோக்ஸ் ஒற்றைக் கையோடு இறங்கினார். முந்தைய நாள் புரூக்கின் கேட்ச்சைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கயிற்றை மிதித்த அதே சிராஜ், லார்ட்ஸில் பெயில் விழுந்ததைப் பார்த்து நின்ற அதே சிராஜ், கடைசி யார்க்கரைப் போட்டார். ஆறு ரன்னில் வெற்றி. தோற்றவன் ஜெயிப்பான் என்று உங்களுக்கு ஊக்கம் கொடுக்க இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு வோக்ஸ் நிலையில் இருந்தவர் தோற்றார். உலகத்தில் உங்களைவிட அந்த ஒரு மணி நேரத்தை ரசித்திருக்கக்கூடியவர்கள் குறைவு. லீவும் போட்டிருந்தீர்கள். பயம் உங்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்டுவிட்டது. எனக்கு அதில்தான் வருத்தம்.

அப்புறம் உங்கள் அப்பா. என் ரசனை உள்ள ஒருவர்கூட அமைவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒருவர் மேட்ச் முடிந்ததும் உங்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். மகளும் பார்க்கிறாள் என்று நம்பி அவர் அங்கே தனியாக உட்கார்ந்து பார்க்கிறார். நீங்கள் இங்கே ஸ்கோர்கார்டைப் படித்துச் சொல்கிறீர்கள். நீங்கள் தேடும் துணையை நீங்களே கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் யார் என்றும் நினைத்துப் பாருங்கள். 1999இல் 271 ரன் வேண்டும். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து அவுட் ஆனபோது இன்னும் 17 ரன்தான் தேவை. மிச்ச விக்கெட்டுகள் நாலு ரன்னில் போயின. அதைக் கடைசிப் பந்து வரை நேரில் பார்த்துவிட்டு, எழுந்து நின்று ஜெயித்தவர்களுக்குக் கை தட்டிய மனிதர். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதை ஆசையாகச் சொல்கிறார். அந்த மனிதரிடமா ஒன்றரை மதிப்பெண்ணைப் பற்றிப் பேசப் பயப்படுகிறீர்கள்? பட்டியலில் மகளின் எண் இல்லையென்றால் அவருக்கு வருத்தம் இருக்கும். அதைத் தாங்கத் தெரியாதவர் என்று நினைக்க உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

விடுதி மாற்றம் வேண்டாம். புது இடத்துக்கும் இந்தப் படபடப்பு உங்களோடுதான் வரும். மேட்ச் விஷயத்தில் மெதுவாகப் போகலாம். அடுத்த டெஸ்டில் ஒரு செஷன் மட்டும், முடிவு தெரியாமல், அப்பாவோடு போனில் பேசிக்கொண்டே பாருங்கள். நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும், அணைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்குவதை நீங்களே கவனிக்க வேண்டும்.

தேர்வு முடிவில் அப்படி மெதுவாகப் போக முடியாது. உங்கள் எண் பட்டியலில் இருந்தால் சான்றிதழ்களைப் பதிவேற்ற ஒரு கெடு இருக்கும். நீங்கள் பார்க்காததால் அது நிற்காது. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே பாருங்கள். பக்கத்தில் ரூம்மேட் இருக்கட்டும். கை நடுங்கினால் பதிவு எண்ணை அவளிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.

இந்தப் படபடப்பு இதற்குப் பிறகும் நீடித்தால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரத்திலும், இலவசமாக, தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். இதற்குச் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும்.

பட்டியலைத் திறக்கும் முன் அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். முடிவு வந்துவிட்டது, பார்க்கப் பயமாக இருக்கிறது, லைனிலேயே இருங்கள் என்று சொல்லுங்கள்.