ஏஐ இசைக்கு வேறொருவர் கிளெய்ம் போட்டால்?

கேள்வி: கோயில்களைப் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். பின்னணிக்கு சுனோ என்ற ஏஐ இசைக் கருவியில் நானே ஒரு புல்லாங்குழல் இசை உருவாக்கிச் சேர்த்தேன். வீடியோ நன்றாக ஓடத் தொடங்கியதும், முன்பின் தெரியாத ஒருவர் அந்த இசை தன்னுடையது என்று காப்பிரைட் கிளெய்ம் போட்டு, விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்கிறார். ஆறாயிரம் ரூபாய் கொடுத்தால் கிளெய்மை நீக்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கொடுக்கலாமா? சேனல் போய்விடுமா?

பதில்: கொடுக்காதீர்கள். சேனலும் போகாது. உங்களுக்கு வந்திருப்பது கிளெய்ம், ஸ்ட்ரைக் எனப்படும் சேனல் மீதான எச்சரிக்கை அல்ல. கிளெய்ம் வந்தால் அந்த ஒரு வீடியோவின் வருமானம் கைமாறும், அவ்வளவுதான். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால்தான் சேனலுக்கே ஆபத்து.

அந்த ஏஜென்டிடம் போனால் கிளெய்ம் ஸ்ட்ரைக்காக மாறவும் வாய்ப்பு இருக்கிறது. இவர்கள் கையில் தனி வழி எதுவும் கிடையாது. உங்கள் சேனலுக்குள் நுழைய அனுமதி கேட்பார்கள், நீங்களே அழுத்தக்கூடிய டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) பட்டனை அழுத்துவார்கள், காரணம் கேட்கும் இடத்தில் வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். எதிராளி பேசாமல் இருந்துவிட்டால் 30 நாளில் கிளெய்ம் தானாகவே விலகும்; அதற்குத்தான் உங்களிடம் ஆறாயிரம். எதிராளி விடாப்பிடியாக நின்று வீடியோவையே நீக்கச் சொன்னால் ஸ்ட்ரைக் விழுவது உங்கள் சேனலுக்கு. அப்போது ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். கூகுள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்டால் பேச்சையே நிறுத்திவிடுங்கள், சேனலைத் தூக்கிக்கொண்டு போவதற்கான ஏற்பாடு அது.

சரி, நீங்கள் உருவாக்கிய இசையை இன்னொருவர் எப்படிச் சொந்தம் கொண்டாட முடிகிறது? யூடியூபின் கன்டென்ட் ஐடி ஒலியோடு ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் இயந்திரம். யார் உருவாக்கினார்கள் என்பது அதற்குத் தெரியாது. யாராவது உங்கள் வீடியோவிலிருந்தோ, சுனோவில் பொதுப் பார்வைக்கு இருக்கும் பக்கத்திலிருந்தோ அந்த இசையை எடுத்து, ஒரு பெயர் சூட்டி, இசை விநியோக நிறுவனம் வழியாகக் கன்டென்ட் ஐடியில் ஏற்றினால் போதும். உங்கள் வீடியோ அதற்கு முன்பே வெளிவந்திருந்தாலும் இயந்திரம் தேடி வந்து பிடிக்கும். முழு உரிமை இருப்பவர்தான் இப்படிப் பதிய வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அந்த விதி ஒரு டிக் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் ஆட்சேபம் தெரிவித்தால் அதை முதலில் படித்து முடிவு சொல்வதும் கிளெய்ம் போட்ட அதே ஆள்தான். இவ்வளவு பெரிய நிறுவனம் அந்தக் கட்டத்தில் ஒரு மனிதரை உட்கார வைக்காதது எனக்குப் பொறுக்கவே இல்லை.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இசையை உருவாக்கிய அன்று சுனோவில் இலவசக் கணக்கா, கட்டணக் கணக்கா? இலவசக் கணக்கில் வந்த இசையின் உரிமை அந்த நிறுவனத்திடம்தான், வணிகத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. விளம்பரம் ஓடும் வீடியோ வணிகம்தான். ‘இப்போதே பணம் கட்டிவிடுகிறேன்’ என்று சொல்ல வேண்டாம், பின்னால் கட்டும் பணம் பழைய இசைக்குச் செல்லாது. கிளெய்ம் போட்டவர் மோசடிக்காரராகவே இருக்கட்டும். இலவசக் கணக்கை வைத்துக்கொண்டு ‘இது என் சொந்த இசை’ என்று நீங்கள் எழுதினால் அதுவும் பொய்.

அன்று கட்டணக் கணக்கு வைத்திருந்தால் கதை வேறு. இசை உருவான தேதி தெரியும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்த மாதத்து ரசீது, இரண்டையும் எடுத்து வையுங்கள். டிஸ்ப்யூட்டில் ‘உரிமம் பெற்றுப் பயன்படுத்தினேன்’ என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். கிளெய்ம் வந்த ஐந்து நாளுக்குள் செய்தால் முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். அவர் மறுத்தால் அப்பீல் செய்யலாம். அப்பீலுக்கு அவர் 7 நாளில் பதில் சொல்ல வேண்டும், அந்தக் கட்டத்தில் வீடியோவை நீக்கக் கோரவும் அவரால் முடியும். எனவே ரசீது கையில் இல்லாமல் அப்பீல் வரை போகாதீர்கள். இன்னொன்று, ‘நானும் கன்டென்ட் ஐடியில் பதிந்து அவரை மடக்குகிறேன்’ என்று கிளம்ப வேண்டாம். உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் அனுமதி. அதை வைத்து அடுத்தவரைத் தடுக்க முடியாது. வெறும் பிராம்ப்ட், அதாவது ஏஐக்கு எழுதும் கட்டளை, கொடுப்பதால் மட்டும் காப்பிரைட் வராது என்று அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது நம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அது பிராம்ப்ட் கொடுத்த நீங்களா, மென்பொருள் நிறுவனமா? சட்டத்தில் நேரான பதில் இல்லை.

இலவசக் கணக்குதான் என்றால் சண்டையை விட்டுவிட்டு இசையை மாற்றுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் கிளெய்ம் விவரத்தைத் திறந்தால், பாட்டை மட்டும் அழிக்கும் வசதி காட்டும். உங்கள் குரலை விட்டுவிட்டு இசையை மட்டும் எடுக்க அது முயலும். சில இடங்களில் குரல் கொஞ்சம் பிசிறடிக்கலாம், சேமிக்கும் முன் கேட்டுப் பாருங்கள். அப்புறம் எடிட்டரில் யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து வேறு இசை சேர்க்கலாம். வீடியோவும் அதன் பார்வைகளும் அப்படியே இருக்கும், இசை போனதும் கிளெய்மும் விலகும். இதுவரை அவருக்குப் போன பணத்தை மறந்துவிடுங்கள். அடுத்த வீடியோவைப் பிரைவேட்டாக ஏற்றி, காப்பிரைட் சோதனை முடிந்த பிறகு பப்ளிக் ஆக்குங்கள்.