குமரி மாவட்ட வாழ்க்கை வரலாறுகளில் எதை முதலில் படிக்கலாம்?

2000-க்குப் பிறகு வந்த நினைவு நூல்களில் குமரி மண்ணைக் காட்டுபவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் 'நினைவோடை' வரிசையில், பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவைப் பற்றிய நூலை முதலில் எடுங்கள். 1907-இல் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவாவை மேடைப் பேச்சாளராக மட்டும் அறிந்தவர்கள் அவரை ஒரு நண்பரின் பார்வையில் காணலாம்.

பிறகு சுந்தர ராமசாமியைப் பற்றியே படியுங்கள். 2005-இல் அவர் மறைந்ததும் ஜெயமோகன் எழுதிய 'சு.ரா: நினைவின் நதியில்' அன்பையும் கருத்து வேறுபாட்டையும் ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு மிகப் பிடித்தது அந்த நேர்மைதான். சுந்தர ராமசாமியின் மனைவி கமலா ராமசாமியின் 'நெஞ்சில் ஒளிரும் சுடர்' அதே மனிதரை வீட்டுக்குள்ளிருந்து காட்டுகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும்.

ஜீவாவின் முழு வாழ்க்கையும் வேண்டுமென்றால், பொன்னீலன் எழுதிய வரலாறு இருக்கிறது.