யாருக்க மகன்?

அன்புள்ள ஐயா,

பேச்சின் பொருளை அது நிகழும் சமூகச் சூழலில் வைத்து ஆராயும் சொல்லாடல் பகுப்பாய்வு பற்றித் தாங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சொல்லின் பொருள் அகராதியிலேயே இருக்கும்போது அதைச் சமூகச் சூழலில் ஏன் தேட வேண்டும் என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சென்ற மாதம் நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் அன்பாகப் பேசினார். முன்பணம்கூடப் பேசி முடிந்தது. பிறகு, "தம்பி யாருக்க மகன்?" என்று கேட்டார். அப்பாவின் பெயரையும் ஊரையும் சொன்னேன். "சரி, சொல்லி விடுதேன்" என்றார். என்ன காரணமோ, வீடு கிடைக்காமல் போய்விட்டது. அவர் சொன்னதில் தவறான சொல் ஒன்றுகூட இல்லையே?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் ஐயத்துக்கான விடை தாங்கள் எழுதிய நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. "யாருக்க மகன்?" என்ற கேள்வியைக் கேட்காமல் குமரி மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் இருக்கும் பாட்டி அதைக் கேட்டால், உறவின் கண்ணி ஒன்றைத் தேடிப் பிடித்து, "நம்ம பிள்ளையாக்கும்" என்று கன்னத்தைத் தடவுவதற்காகக் கேட்கிறாள். முன்பணம் பேசி முடிந்த பிறகு, சாவியைக் கையில் வைத்திருப்பவர் அதையே கேட்கும்போது, அந்தப் பெயரும் ஊரும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும் சாதியையோ மதத்தையோ அறியவே கேட்கிறார். "சொல்லி விடுதேன்" என்பதும் அப்படியே. தங்கள் தந்தையின் பெயர் வெளிவருவதற்கு முன் சொல்லியிருந்தால் அது வாக்கு. பெயரை ஒட்டி வந்ததால் அது மறுப்பு.

மொழி உதிரிச் சொற்களாக நிகழாமல் தொடர்ந்த பேச்சாகவே நிகழ்கிறது என்பதை அமெரிக்க மொழியியலாளர் செல்லிக் ஹாரிஸ் 1952-இல் வெளியான தம் கட்டுரையில் வலியுறுத்தினார். அவருடைய கவனம் பெரும்பாலும் வாக்கியத்தைக் கடந்த அமைப்பின் மீதே இருந்தது. அந்த அமைப்புக்குள் அதிகாரம் எப்படிக் குடியிருக்கிறது என்பதை பிரிட்டிஷ் மொழியியலாளர் நார்மன் ஃபேர்கிளஃப் போன்ற பின்வந்தவர்களே விரிவாக ஆராய்ந்தனர்.

நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு மனம் ஆறாத ஒன்று. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859-இல், திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட அறிவிப்பு, நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியவோ, மீனவச் சமூகத்து முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி உடுத்தவோ, வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கவோ தடையில்லை என்றும், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்றும் கூறியது. அந்த "ஆனால்" எல்லோர் கண்ணிலும் படும். நான் அதிகம் அஞ்சுவது "தடையில்லை" என்பதை. ஒரு பெண் தன் உடலை மறைப்பதைத் தடுக்கும் அதிகாரம் அரசருக்கு இயல்பாகவே உண்டு என்பதை, அப்படி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அது நிலைநாட்டிவிடுகிறது. வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து வாதாடலாம். சலுகையின் அடியில் கிடப்பதை முதலில் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

இனித் தங்கள் கடிதத்துக்கு வருகிறேன். "என்ன காரணமோ, வீடு கிடைக்காமல் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில் எழுவாய் வீடு. மறுத்த மனிதரைக் காணோம். காரணம் தெரிந்தும் "என்ன காரணமோ" என்கிறீர்கள். புண்பட்டவர் நீங்களாக இருந்தும், அவரைக் காப்பாற்றும் இலக்கணம் தங்கள் கைக்குத் தானாக வந்திருக்கிறது. நம்மூரில் நாம் எல்லோரும் அப்படித்தான் பேசப் பழகியிருக்கிறோம். அதையே, "அவர் எனக்கு வீடு தர மறுத்தார், காரணம் என் அப்பாவின் பெயர்" என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். எந்தச் சொல்லில் கை தயங்கியது என்பதை எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.