பீடிப் புகை எட்டும் தூரம்: ஊரடங்கு நாட்களின் கேள்வி பதில்

2021 மே 24 முதல் கொரோனாவுக்காகத் தளர்வில்லாத ஊரடங்கு. அந்த நாட்களில் எழுதிய பதில்கள் இவை. 'இந்த மாதம்' என்றால் 2021 மே, 'போன வருஷம்' என்றால் 2020, விதிகளும் அப்போதையவை. மளிகைக் கடை, காய்கறிக் கடை எல்லாம் மூடியாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்பு தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மதுரைப் பக்கம் சுகாதார ஆய்வாளராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி சந்தேகங்களை டாக்டரிடம் கேளுங்கள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, யாரோடு உட்காருவது, இதற்கெல்லாம் என்னால் பதில் சொல்ல முடியும்.

கடையில் தரையில் போட்ட வட்டம் மூன்றடிக்கு ஒன்று. டிவியில் ஆறடி என்கிறார்கள். எது சரி ஐயா? (மருந்துக் கடை ஊழியர், திருமங்கலம்)

உலக சுகாதார நிறுவனம் சொன்னது குறைந்தது ஒரு மீட்டர், அதுதான் உங்கள் வட்டம். நம் மத்திய அரசும் அமெரிக்காவும் சொன்னது ஆறடி. இரண்டுமே எச்சில் துளியை வைத்துப் போட்ட கணக்கு. பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கிற பெரிய துளி கொஞ்ச தூரம் போய்க் கீழே விழுந்துவிடும். ஆனால் எல்லாத் துளியும் விழுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகள் காற்றிலேயே மிதக்கும். மூடிய அறையில் அது ஆறடிக்கும் போகும், பத்தடிக்கும் போகும். இந்த மாதம்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இதைத் தெளிவாக எழுதி வெளியிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் பீடியை வைத்துத்தான் சொல்வேன். பக்கத்தில் ஒருத்தர் பீடி குடிக்கிறார். திறந்த வெளியில் நாலடி தள்ளி நின்றால் புகை அவ்வளவாக வராது. அதே ஆள் கதவு சாத்திய அறையில் குடித்தால் எந்த மூலையில் போய் நின்றாலும் நாறும். அவர் வெளியே போன பிறகும் நாறும். பீடிப் புகை உங்கள் மூக்குக்கு எட்டுகிற இடமென்றால் அவர் விட்ட மூச்சும் எட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஏசியை நிறுத்திவிட்டு ஷட்டரை முழுசாகத் தூக்கி வையுங்கள் தம்பி. வட்டத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் நல்லதுதான்.

தெருவுக்குக் காய்கறி வண்டி வருகிறது. வந்ததும் இருபது பேர் மொய்க்கிறார்கள். கடையே பரவாயில்லை போலிருக்கிறதே? (இல்லத்தரசி, மதுரை)

நடமாடும் வண்டி வந்ததே கூட்டத்தைப் பிரிக்கத்தான் அம்மா. போன வருஷம் கோயம்பேட்டில் என்ன ஆனது? ஏப்ரல் கடைசியில் சந்தையில் தொற்று, மே 5ஆம் தேதி சந்தையையே மூடினார்கள். அதற்குள் அங்கே மூட்டை தூக்கியவர்களும் லாரிக்காரர்களும் ஊர் ஊராகத் திரும்பிப் போயிருந்தார்கள், கூடவே நோயும். அத்தனை பெரிய கூட்டத்தைத் தெருத் தெருவாக உடைத்தால் நல்லது என்பதுதான் கணக்கு. தெருவில் அதை மறுபடி ஒரு குட்டிக் கோயம்பேடாக்கி விடுகிறோம்.

எங்கள் தெருவில் முதல் நாள் இதே கதைதான். தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதில்தான் நேரம் போனது. என் வீட்டம்மாதான் வழி கண்டுபிடித்தார். வேண்டியதைச் சீட்டில் எழுதி, பையோடு அவரவர் வாசலில் வைத்துவிட வேண்டியது. தெருப் பையன் ஒருத்தன் சீட்டுகளை வண்டிக்காரரிடம் கொடுப்பான். அவர் பையில் போட்டுக்கொண்டே வருவார், பணம் வாசலில். இரண்டு சொத்தைக் கத்திரிக்காய் வரத்தான் செய்யும். அதைப் பெரிதுபண்ணாதீர்கள்.

சீட்டு முறை உங்கள் தெருவில் நடக்காது என்றால், வண்டி வந்ததும் ஓடாமல் பத்து நிமிஷம் பொறுத்துப் போங்கள். முகக்கவசம் மூக்குக்கு மேலே இருக்கட்டும். பேரம் பேசுகிறவர்தான் அதை முதலில் கீழே இறக்குகிறார், நான் கவனித்திருக்கிறேன்.

பால் பாக்கெட்டை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமா?

வேண்டாம். போன வருஷம் நானும் கழுவினேன். பொருளைத் தொட்டு இந்த நோய் வருவது அரிது என்று இப்போது தெளிவாகிவிட்டது. வாங்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள், போதும். காய்கறிக்கும் வெறும் தண்ணீர்தான், சோப்பு வேண்டவே வேண்டாம்.

நாங்கள் வளவு வீட்டில் (ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள்) இருக்கிறோம். ஒரே அறையில் ஐந்து பேர். எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். அப்பாவுக்குப் பாசிட்டிவ். "தனி அறை, தனிக் கழிப்பறை" என்கிறார்கள். எங்கே போவது? (கல்லூரி மாணவி, மதுரை)

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் மகளே. விதிகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனி அறை உள்ளவர்கள். மதுரை வளவுகளில் எத்தனையோ வருஷம் காசநோய்க்காரர்களைத் தேடி ஏறி இறங்கியிருக்கிறேன். அங்கே ஆறடி எங்கே கிடைக்கும்?

முதலில் கொரோனா சிகிச்சை மையத்தில் இடம் கேளுங்கள். 104க்கு (சுகாதார உதவி எண்) பேசுங்கள், அல்லது உங்கள் வார்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் "எங்கள் வீட்டில் தனி அறை இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. லேசான அறிகுறி உள்ளவர்களுக்கு அந்த மையங்களை வைத்ததே உங்களைப் போன்ற குடும்பங்களுக்காகத்தான்.

இடம் கிடைக்கும்வரை அப்பா ஜன்னலை ஒட்டிப் படுக்கட்டும். டேபிள் ஃபேன் இருந்தால் அதை ஜன்னல் பக்கம் திருப்பி, அறைக் காற்று வெளியே போகிற மாதிரி வையுங்கள். அவருக்குப் பின்னால் ஃபேனை வைத்து உங்கள் மேல் அடிக்க விடாதீர்கள். இந்தத் தப்பை நிறைய வீட்டில் பார்க்கிறேன். அறைக்குள் எல்லோரும் முகக்கவசம் போட்டிருங்கள், அப்பாவும்தான். ராத்திரி மற்றவர்கள் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ படுக்க முடிந்தால் படுங்கள், மே மாத வெக்கைக்கும் அது நல்லது. சாப்பாட்டை மட்டும் சேர்ந்து சாப்பிடாதீர்கள். முகக்கவசத்தைக் கழற்றுகிற நேரம் அதுதான்.

கக்கூஸுக்கு வளவு முழுக்கச் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டில் ஒன்றைத் தொற்று உள்ள வீடுகளுக்கு ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். முடியாதென்றால் காலையில் எல்லோரும் போய்வந்த பிறகு அப்பா கடைசியாகப் போகட்டும். வந்ததும் கதவைத் திறந்தே விட்டு, தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். அக்கம்பக்கம் கத்தத்தான் செய்வார்கள். மறைத்து வைத்துப் பின்னால் தெரிய வந்தால் அதைவிடக் கத்துவார்கள்.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கி வையுங்கள். அதில் காட்டுகிற ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் 108.

பெரியப்பா மாரடைப்பில் தவறிவிட்டார், கொரோனா இல்லை. சிவகங்கைப் பக்கம் கிராமம். இங்கிருந்து பதினைந்து பேர் வேனில் கிளம்புகிறோம். போகலாமா அண்ணே? (மதுரை)

ஆழ்ந்த அனுதாபங்கள் தம்பி. துக்கத்துக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வேன் வேண்டாம்.

இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் அனுமதி இல்லை. நீங்களே பதினைந்து பேர் போனால் அந்த ஊர்க்காரர்கள் எங்கே நிற்பார்கள்? அதைவிடப் பெரிய விஷயம் பயணம். கண்ணாடி ஏற்றிய வேனில் ஒன்றரை மணி நேரம், அழுதபடி, பேசியபடி. போகிற இடத்தில் வருவதைவிட வேனில் தொற்றிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். அப்பாவும் நீங்களும் மட்டும் மாவட்டம் தாண்டுவதற்கு இ-பதிவு (அரசு இணையதளத்தில் பதிவு) செய்துகொண்டு டூவீலரில் போய்விட்டு வாருங்கள். வாசல் பந்தலில் நில்லுங்கள், உள்ளறைக்குள் போய் உட்கார வேண்டாம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

கட்டிப் பிடித்து அழுகிற பெண்களைத் தடுப்பது கஷ்டம். யாரும் தடுக்கவும் போகாதீர்கள், சண்டையாகும். முகக்கவசத்தோடு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்தை வேறு பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம். இது விதிப் புத்தகத்தில் இல்லாத யோசனை, நான் சொல்வது.

போன மாதம் என் அத்தான் தவறியபோது நான் போகவில்லை. என் மனைவி வீடியோ காலில் ஒப்பாரி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அக்காவுக்கு இன்னும் மனத்தாங்கல்தான். ஊரடங்கு முடிந்ததும் போய் அவர் காலடியில் உட்கார வேண்டும்.

"சமூக விலகல்", "சமூக இடைவெளி", "தனிநபர் இடைவெளி" - பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? (தமிழாசிரியை, மேலூர்)

கடைசியைச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர். ஆங்கிலத்தில் வந்ததை அவசரத்தில் அப்படியே பெயர்த்து "சமூக விலகல்" என்று போட்டார்கள். நம் ஊரில் சமூகம் விலக்கி வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உலக சுகாதார நிறுவனமே போன வருஷம் மார்ச்சில் "உடல் இடைவெளி" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தது. இதை வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்கள் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

அம்மா இரண்டு வீட்டில் வேலை செய்கிறார். ஊரடங்குக்கு முன்பு ஒரு வீட்டில் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள், தனி டம்ளர் கொடுத்தார்கள். கேட்டால் கொரோனா என்றார்கள். அவர்கள் யாரும் முகக்கவசம் போடுவதில்லை. இது சரியா? (மதுரை)

இல்லை. தனி டம்ளர் எதற்கு என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கொரோனா அதற்குப் புதுப் பெயர் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நோய்க்குப் பயம் என்றால் செய்ய வேண்டியது வேறு. அம்மா வேலை செய்யும் நேரம் அந்த அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் முகக்கவசம். எந்த வாசல் வழியாக வந்தார் என்று பார்த்துக் கிருமி ஒட்டுவதில்லை. நாலு இடம் போய்வருகிற அந்த வீட்டுக்காரர்களிடமிருந்து உங்கள் அம்மாவுக்கு வரவும் அதே அளவு வாய்ப்பு உண்டு. இந்த மாதச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

கோவிஷீல்டு முதல் ஊசி போட்டாயிற்று. இனி நண்பர்களோடு உட்காரலாமா?

இன்னும் இல்லை. இரண்டாவது ஊசிக்கு இடைவெளியை இந்த மாதம்தான் 12 முதல் 16 வாரம் என்று நீட்டினார்கள். அதுவரை பாதிப் பாதுகாப்புத்தான். இரண்டும் போட்டவருக்கும் தொற்று வருகிறது, உடம்பு மோசமாவதுதான் குறைகிறது. பார்த்தே ஆக வேண்டுமென்றால் மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள்.

தாத்தா, நானும் பக்கத்து வீட்டு அபியும் மாடியில் பட்டம் விடலாமா? (ஐந்தாம் வகுப்பு)

அவன் மாடியில் அவன், உன் மாடியில் நீ என்றால் தாராளமாக விடு. மாஞ்சா மட்டும் கூடாது. பட்டம் அறுந்து தெருவில் விழுந்தால் எடுக்க ஓடாதே, போலீஸ் மாமா நிற்பார்.